மாற்றுக் கல் கிடைக்காத தரை

ஓசூர் அடுக்ககங்களில் தொடங்கிய பாணி தேன்கனிக்கோட்டை மலைச்சாலையில் இறங்கி அஞ்செட்டி வரைக்கும் வந்துவிட்டது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் ஒரே தரை: இரண்டுக்கு நான்கு அடி வெட்ரிஃபைடு டைல்ஸ், முகம் தெரியும் பளபளப்பு, கோடே தெரியாதபடி நெருக்கி ஒட்டிய இணைப்பு. அழகாக இருக்கிறது, அதனால் போடுகிறோம் என்றால் அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் கடையில் சொல்லப்படுவதும், வீடு கட்டுகிறவர் திருப்பிச் சொல்வதும் வேறு. ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியம்தான் தவறு.

டைல்ஸின் நல்ல குணங்களை மறுப்பதற்கில்லை. வெட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்காது. வேலை சில நாளில் முடிந்துவிடும். விலையும் பல தரங்களில் கிடைக்கிறது. மார்பிளோடு ஒப்பிட்டால் அடுக்களைக்கு இது எவ்வளவோ மேல். மார்பிள் சுண்ணாம்புக் கல் வகை. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்திய இடத்தில் அதன் மெருகு செத்துப்போகும். பழைய சிவப்புக் காவித் தரை அருமையானதுதான். ஆனால் அதை வெடிப்பில்லாமல் இழைத்துத் தரும் கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள்.

பிரச்சினை, உழைப்பு என்பதை எதை வைத்து அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. மெருகுப் பூச்சுள்ள டைல்ஸுக்கு பிஇஐ எண் என்று ஒன்று கொடுக்கிறார்கள், 0 முதல் 5 வரை. எஃகுக் குண்டுகளையும் உராய்வுத் தூளையும் பூச்சின் மேல் சுழலவிட்டு, எத்தனை சுற்றில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்கும் சோதனை அது. கால் நடமாட்டத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். ஆனால் வீட்டு அடுக்களையில் தரை நடந்து நடந்து தேய்ந்து சாவதில்லை. நிரம்பிய கேஸ் சிலிண்டரை விளிம்பில் சாய்த்து உருட்டுகிறோம். அம்மிக் குழவி கைநழுவி விழுகிறது. களி கிண்டிய கனத்த பாத்திரத்தை இறக்கி வைத்து, கால்களால் அணைத்துக்கொண்டு மீண்டும் கிண்டுகிறோம். ராகி மூட்டையை இழுத்துப் போடுகிறோம். இவை அடிகள், தேய்மானம் அல்ல. அச்சிட்ட டைல்ஸில் நாம் பார்க்கும் கல் வடிவம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேல்தோல். அது சிதறினால் அடியிலிருக்கும் வேறு நிற மண் புள்ளியாக வெளியே தெரியும். டபுள் சார்ஜ் வகையில் நிறம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும் என்பது உண்மை. புள்ளி அவ்வளவு உறுத்தாது. ஆனாலும் விரிசல் விரிசல்தான்.

விரிசல் விட்டால் என்ன செய்வது என்பதுதான் உண்மையான சோதனை. இந்த டைல்ஸில் மிகப் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அங்கே வடிவங்கள் புடவை டிசைன் போல மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரே வடிவம் தொடர்ந்து வந்தாலும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் மாறினால் நிறம் ஒரு சாயல் விலகும். பத்தாண்டு கழித்து ஒரே ஒரு கல்லுக்காக அஞ்செட்டியிலிருந்து ஓசூர் வரை அலைந்தாலும் அதே கல் கிடைப்பது அரிது. கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டிய தரையில் ஒரு கல்லைப் பெயர்த்தால் பக்கத்துக் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயர்கிறது. கல் ஒவ்வொன்றும் எட்டுச் சதுர அடி. இரண்டு கல்லில் தொடங்கிய வேலை அறை முழுவதையும் பெயர்த்துக் கொட்டுவதில் முடிகிறது. இதற்கு உழைப்பு என்று பெயர் வைக்க முடியாது.

மேஸ்திரியின் பிழைக்கு டைல்ஸ் என்ன செய்யும் என்று கேட்பார்கள். முறைப்படி பசை பூசி, ஸ்பேசர் வைத்து, கிரவுட் நிரப்பினால் ஒன்றும் ஆகாது என்பார்கள். அது சரி. ஆனால் நீரை உறிஞ்சாத அதே குணத்தால்தான் இந்தக் கல் வெறும் சிமென்ட் பாலோடு நன்றாகப் பிடிப்பதில்லை. தட்டினால் 'டொக்கு' என்று வெற்றொலி வருவதும், வெயில் ஏறிய ஒரு நாளில் விரிய இடமில்லாமல் இரண்டு கல் கூடாரம் போல எழும்பி நிற்பதும் இதனால்தான். இதற்கு மருந்து பசையும் இணைப்பு இடைவெளியும். பசைக்குக் கூடுதல் செலவு. இடைவெளி விட்டாலோ கோடு தெரியும். கோடு தெரியக் கூடாது என்பதுதானே இந்தப் பாணியின் உயிர்! முறையாகப் போட்டால் பாணி போய்விடும். பாணியைக் காப்பாற்றினால் தரை போய்விடும். இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் யோசனை நல்லதுதான். ஆனால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று விற்ற பொருளுக்கு அந்த யோசனை எதற்குத் தேவைப்படுகிறது?

இத்தனையும் நடப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்பதுதான் மனத்தை அறுக்கிறது. பாரடைசோ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் ஊதா சுழிக் கிரானைட் இந்த மாவட்டத்துக் கல். அரசின் கனிம நிறுவனமான டாமின், கிரானைட்டைத் தரைக் கல்லாக அறுக்க மாதேப்பள்ளியில் ஆலையே அமைத்தது. மல்லச்சந்திரம் குன்றில் இரும்புக்கால மக்கள் பலகைக் கற்களால் எழுப்பிய கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6. மார்பிளின் கால்சைட் வெறும் 3. அதையும்விட முக்கியம், பதினெட்டு மில்லிமீட்டர் பலகையில் மேலே இருக்கும் அதே கல்தான் அடிவரை இருக்கிறது. மூலை சிதறினாலும் வேறு நிறம் எட்டிப் பார்க்காது. மெருகு மங்கினால் போட்ட இடத்திலேயே மீண்டும் பாலிஷ் போடலாம். ஒரு பலகை உடைந்தால் அதே வகைக் கல் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். சுழிகள் எப்படியும் பலகைக்குப் பலகை வேறுபடுவதால் ஒட்டுப்போட்டது கண்ணை உறுத்தாது.

கிரானைட் குவாரி மலையைத் தின்கிறதே என்ற மறுப்பு கனமானது. 2012-இல் மேலூர்ப் பக்கத்து கிரானைட் குவாரி முறைகேடுகள் வெளிவந்த பிறகு அதை யாரும் லேசாகத் தள்ள முடியாது. ஆனால் ஏற்றுமதிக்குக் கட்டி வெட்டும்போது, கோடு ஓடியது, அளவு குறைந்தது என்று ஒதுக்கப்படும் கல் குவாரி ஓரம் மலையாகக் குவிகிறது. ஒன்றுக்கு ஒன்று அடியாக அறுத்தால் ஒரு வீட்டுத் தரைக்கு அந்தக் கல் போதும். புது மலை வேண்டாம். வழுக்குமே என்றால், கண்ணாடி மெருகு ஏற்றிய எந்தத் தரையும் ஈரத்தில் வழுக்கும். அடுக்களைக்குச் சற்றுச் சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கேட்டு வாங்க வேண்டும். வெளிர் நிறக் கல் எண்ணெயைக் குடிக்கும் என்பது மெய். அடுப்புப் பக்கம் கறுப்போ அடர் ஊதாவோ போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மார்கழிக் காலையில் காலைச் சில்லிட வைக்கும் என்பது மட்டும் பதில் இல்லாத குறை. அதற்கு ஒரு ஜமுக்காளம் விரிக்கலாம்.