நாற்பது திருடர்களின் போஸ்டர்கள்

நீலகேசி, சிந்தாமணி என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த வருஷம் சினிமாப் போஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம் ஊர்ப் போஸ்டர் இல்லை. அமெரிக்காவில் 1930, 40களில் ஓடிய 'எக்ஸ்ப்ளாய்ட்டேஷன்' படங்களின் போஸ்டர், அதாவது ஜனங்களின் ஆசையையும் பயத்தையும் காசாக்கிய படங்கள். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சாவ்ரி பஜாரில் நாற்பது வருஷமாகக் காகிதம் விற்கிறவன் நான். எனக்கு இது முதலில் காகித விஷயம்.

ஹாலிவுட்டின் பெரிய கம்பெனிகள் 1934 முதல் 'ஹேஸ் கோட்' என்ற ஒழுக்க விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தன. போதைப்பொருள் கடத்தல், பால்வினை நோய், பிரசவக் காட்சி எல்லாம் அதில் விலக்கு. அந்த விலக்கையே சரக்காக்கிக்கொண்டார்கள் சில சில்லறைத் தயாரிப்பாளர்கள். பெரிய கம்பெனிகளின் தியேட்டர்கள் இவர்களுக்குத் திறக்காது. ஆகவே பிலிம் பெட்டியோடும் போஸ்டர்க் கட்டோடும் ஊர் ஊராகப் போய் ஓட்டினார்கள். தொழிலில் இவர்களுக்கு 'நாற்பது திருடர்கள்' என்றே பட்டப்பெயர். அலிபாபா கதை அங்கேயும் தெரியும் போலிருக்கிறது!

நட்சத்திரம் கிடையாது, நல்ல கதை கிடையாது. போஸ்டர்தான் மூலதனம். 1936 வாக்கில் பெற்றோருக்குக் கஞ்சாவைப் பற்றி எச்சரிக்கை செய்வதற்காக 'டெல் யுவர் சில்ட்ரன்' என்றொரு படம் எடுத்தார்கள். அது ட்வெய்ன் எஸ்பர் என்ற ஆசாமியின் கைக்குப் போனது. 'ரீஃபர் மேட்னஸ்' உட்படப் பல பெயர்களில் சுற்றியது. தேங்கிப்போன நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை மாற்றி விற்பதை எங்கள் பஜாரிலும் பார்த்திருக்கிறேன். 1970களில் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பது தனிக் கதை. காப்புரிமையைச் சரியாகப் பதியாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. அதன் போஸ்டரையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள்.

அதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். அந்தக் காலத்து முழுப் போஸ்டர் 27க்கு 41 அங்குலம். மடித்துத்தான் தியேட்டருக்கு அனுப்புவார்கள். நான் வாங்கியதில் அளவு சரி, மடிப்புக் கோடும் இருந்தது. வீட்டுக்கு வந்து விரலால் தடவினால் மடிப்பு தட்டுப்படவில்லை. கோட்டையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்! காகிதக்காரனுக்கே இந்தக் கதி. அதிலிருந்து பின்புறத்தைப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. பழைய போஸ்டர்களை லினன் துணியில் ஒட்டிச் செப்பனிடுவது அங்கே வழக்கம். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ஒட்டியபின் காகிதத்தின் முதுகு மறைந்துவிடும். 2009 வாக்கில் பழைய திகில் படப் போஸ்டர்களில் போலிகள் பிடிபட்டபோது இந்தச் சங்கதி எல்லோருக்கும் உறைத்தது.

என்னிடம் உள்ள நல்ல சரக்கு ஒன்றே ஒன்று. 'மாம் அண்ட் டாட்' (1945) படத்தின் ஜன்னல் அட்டை, கடைக் கண்ணாடியில் வைப்பது, 14க்கு 22 அங்குலம். ஒஹையோவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. படத்தை ஊர் ஊராக ஓட்டிய க்ரோகர் பாப் அந்த மாநிலத்துக்காரர்தான். எஸ்பரின் விளம்பரம் கூச்சல் போடும். பாப்புடையது பெரும்பாலும் வெறும் எழுத்து. பெண்களுக்குத் தனிக் காட்சி, ஆண்களுக்குத் தனிக் காட்சி, எலியட் ஃபோர்ப்ஸ் நேரில் பேசுவார், அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தில் இதுதான் கைதேர்ந்த வேலை. சேர்ந்து பார்க்கக் கூடாது என்று சொன்ன மாத்திரத்தில் ஊரே வரிசையில் நிற்கும். படத்தில் உண்மையான பிரசவக் காட்சி இருந்தது. அந்த மட்டில் சொன்ன சரக்கைக் கொடுத்தார். எலியட் ஃபோர்ப்ஸ்தான் பொய். அப்படி ஒரு நிபுணரே கிடையாது. பல நடிகர்கள் ஒரே சமயத்தில் பல ஊர்களில் அந்தப் பெயரில் பேசி, இடைவேளையில் புத்தகமும் விற்றார்கள். 2005இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தது நியாயமே.

எஸ்பரை அப்படி மன்னிக்க மனம் வரவில்லை. 1933இல் 'நார்க்காட்டிக்' படத்துக்காகத் தியேட்டர் வாசலில் ஒரு பிணத்தையே காட்சிக்கு வைத்தார். போதையால் செத்தவன் என்று சொன்னார். அது எல்மர் மெக்கர்டி என்ற ரயில் கொள்ளைக்காரனின் பதப்படுத்திய உடல். அவன் 1911இல் ஓக்லஹோமாவில் சுடப்பட்டு இறந்தவன். அதன்பின் கைமாறிக் கைமாறி, 1976இல் கலிபோர்னியாவில் ஒரு கேளிக்கை அரங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. டெலிவிஷன் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் பொம்மை என்று நினைத்து நகர்த்தினார்கள். கை ஒடிந்தது, உள்ளே எலும்பு! 1977இல்தான் அடக்கம் செய்தார்கள். 66 வருஷம்.

சேகரிப்பாளர்களின் பேச்சில் இது ஒரு வேடிக்கைக் கதையாகவே வருகிறது. 'நார்க்காட்டிக்' போஸ்டரைப் பார்த்தால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது. போன வருஷம் மகன் அந்தப் போஸ்டர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னான். லினனில் ஒட்டியிருக்கிறது, முதுகு தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஒட்டாமல் இருந்தால் வாங்கிடுவீங்களா அப்பா?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்று ஒரு விரதம் இருக்கிறது, அது உங்களுக்கே சரியாக வரவில்லையே என்று வீட்டம்மாள் வேறு குத்திக்காட்டுகிறாள்.

ஜன்னல் அட்டையின் மேல்பகுதியை வெற்றாகத்தான் அச்சடிப்பார்கள், உள்ளூர்த் தியேட்டரின் பெயரும் தேதியும் போட. அழகில்லை என்று பலர் அதை வெட்டிவிடுகிறார்கள், விலையும் குறைந்துபோகிறது. என் அட்டையில் அது கோணலாக, மசி கொஞ்சம் வழிந்து, அப்படியே இருக்கிறது. சட்டம் போடுகிறவர் வெட்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்று திருப்பி வாங்கிவந்து பீரோவில் வைத்திருக்கிறேன்.