முழங்கை வரைந்த வளைவு

வர்ணத் துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வையின் மேல்விரிப்பைப் பூர்த்தி செய்துவிட்ட புதுக் கை, அதனையும் நடுவிலிடும் பஞ்சுப் படலத்தையும் அடித்துணியையும் ஒன்றாகப் பிணைக்கும் ஓட்டுத்தையலை எவ்விதம் அமைப்பது என்ற யோசனையிலேயே, அதை மாதக்கணக்கில் பெட்டியில் மடித்து வைத்துவிடுவது சகஜம். இணைப்புகளின் பள்ளத்திலேயே ஊசியைச் செலுத்துவது சுலபம் என்பார்கள். வாஸ்தவத்தில், இழை சிறிது பிசகினாலும் காட்டிக் கொடுத்துவிடும் மார்க்கம் அதுவே. அமெரிக்க நாட்டுப்புறப் பெண்கள் கையாண்ட விசிறித் தையலோ மிகுந்த தயை உடையது: முழங்கையை விரிப்பின்மேல் ஊன்றி, சுண்ணக்கட்டி பற்றிய கையைச் சுழற்றினால் ஒரு வளைவு, சற்றே மடக்கிச் சுழற்றினால் அதனுள் இன்னொன்று, துண்டுகளின் எல்லைகளைச் சட்டை செய்யாமல் இவை அலையலையாகப் பரவும்போது, மூலை கூடாத இணைப்புகள் கண்ணில் உறுத்துவதில்லை. அலபாமா மாகாணத்து ஜீஸ் பெண்ட் கிராமத்தின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சித்திரங்களைப் போலச் சுவரில் தொங்கின. அளவுகோல் வைத்து இழுத்த கோடு அவற்றில் அபூர்வம். பொறுமையற்றோருக்கு, ஓட்டுத்தையலுக்குப் பதிலாக நான்கு அங்குலத்துக்கு ஒரு நூல்முடிச்சு இருக்கவே இருக்கிறது. எதுவானாலும், முதலில் மீந்த துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள்.