இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும் (குறும்படம்)

இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும் (1958) ஒரு போலந்துக் குறும்படம். ரோமன் போலான்ஸ்கி வூச் நகரத் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது இயக்கியது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படம் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடுகிறது. படத்தில் வசனம் இல்லை. கிஷிஸ்தோஃப் கொமெடா இசையமைத்தார். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த பரிசோதனைத் திரைப்படப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. மாணவர் குறும்படத்தில் இசை உணர்ச்சியைச் சொல்லும் விதத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

கதை

நிலைக்கண்ணாடி பொருத்திய பெரிய மர அலமாரி ஒன்றைச் சுமந்தபடி இருவர் கடலிலிருந்து கரையேறுகிறார்கள். ஹென்ரிக் க்ளூபாவும் யாக்கூப் கோல்ட்பெர்க்கும் இவ்வேடங்களில் நடித்தனர். ஊருக்குள் அந்தச் சுமையோடு அவர்களை ஏற்க யாரும் தயாராக இல்லை. டிராம் வண்டி, உணவகம், விடுதி என எல்லா இடங்களிலும் கதவு அடைபடுகிறது. பூனைக்குட்டியைக் கல்லால் அடித்துக் கொன்ற இளைஞர் கும்பல் அவர்களைத் தாக்குகிறது. அக்கும்பலில் ஒருவராகப் போலான்ஸ்கியே நடித்தார். கண்ணாடி உடைகிறது. இறுதியில், ஒரு சிறுவன் வாளியால் வரிசை வரிசையாகச் செய்து வைத்த மணல் மேடுகளை மிதிக்காமல் நடந்து, இருவரும் கடலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இசையமைப்பாளர்

கொமெடாவின் இயற்பெயர் கிஷிஸ்தோஃப் த்ஷின்ஸ்கி. மருத்துவராகப் பணியாற்றியவர். ஸ்டாலின் காலப் போலந்தில் ஜாஸ் இசையை அரசு ஒடுக்கியது. கலைஞர்கள் வீடுகளுக்குள் மறைவாக வாசித்தனர். மருத்துவமனையில் உடன் பணிபுரிந்தோருக்குத் தன் ஜாஸ் ஈடுபாடு தெரியாமலிருக்கவே த்ஷின்ஸ்கி கொமெடா என்ற மேடைப் பெயரை வைத்துக்கொண்டார். 1956-இல் சோப்போட் நகரில் நடந்த ஜாஸ் விழாவில் அவரது குழு வெளிப்படையாக வாசித்தது. படத்தின் கடற்கரைக் காட்சிகள் எடுக்கப்பட்டதும் அதே சோப்போட்டில்தான். இதுவே கொமெடாவின் முதல் திரையிசை.

ஊர் ஏற்காத இருவரைப் பற்றிய படத்துக்கு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஊர் ஏற்காத இசை அமைந்தது. இப்பின்னணியை அறியாதவருக்கும் அந்த இசையில் ஒரு வெளியாள்தன்மை கேட்கும்.

இசையும் உணர்வும்

குறும்படத்தில் வசனம் வந்தால் அது முழுநீளப் படத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுபோல் ஆகிவிடும் என்று போலான்ஸ்கி கருதினார். வசனத்தை விலக்கியதால் பாத்திரங்களின் மனநிலையைச் சொல்லும் பொறுப்பு இசைக்கும் உடலசைவுக்கும் வந்து சேர்ந்தது. கரையேறியதும் இருவரும் துள்ளிக் குதிக்கிறார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று படம் சொல்வதில்லை. இந்த ஆட்டத்தைக் கண்ட பார்வையாளருக்கு அவர்களைப் பிடித்துப்போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு கதவும் அடைபடும்போது வலிப்பதற்கு அதுவே காரணம்.

இசை யார் பக்கம் நிற்கிறது என்பது முக்கியமானது. அடிவாங்கும் காட்சிக்கென்று பெரிய வாத்தியக் குழு சோகத்தை முழங்கவில்லை. படம் முழுவதும் ஒலிப்பது ஒரு சிறு ஜாஸ் குழு மட்டுமே. அதன் அளவு அந்த இருவரின் அளவுக்கு ஒத்துப்போகிறது. பார்வையாளரை அழச் சொல்லி இசை வற்புறுத்தாததால், காட்சியின் கொடுமை நேராக வந்து சேர்கிறது.

குறை

இசையின் விளையாட்டுத்தன்மை சில இடங்களில் படத்துக்கு எதிராகவும் வேலை செய்கிறது. உணவகமும் விடுதியும் மறுக்கும் காட்சிகள் கோமாளிக் கூத்தின் சாயல் பெற்று, புறக்கணிப்பின் கடுமை அங்கே தணிந்துவிடுகிறது. பூனைக்குட்டிக் காட்சி வரும்போதுதான் இது வேடிக்கையல்ல என்பது உறைக்கிறது. முந்தைய சிரிப்புக்காகப் பார்வையாளர் கூசுகிறார் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் அந்தத் திருப்பத்தை உண்டாக்குவது காட்சிதான், இசையல்ல.

மதிப்பீடு

சோகமான முகத்தின் மீது வயலினைப் படரவிடுவது மாணவர் படங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். நடிப்பிலோ காட்சியமைப்பிலோ உள்ள குறையை மறைக்கவே பெரும்பாலும் அது பயன்படுகிறது. காட்சி ஏற்கெனவே சொன்னதை இசை மறுபடி சொல்லும்போது இரண்டுமே வலுவிழக்கின்றன. இப்படத்தில் ஊரின் கொடுமையைக் காட்சி சொல்கிறது. அந்த இருவரின் மென்மையை இசை சொல்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் துயரம் பிறக்கிறது. இசையை நீக்கிப் பார்த்தால், எஞ்சுவது பாரம் சுமக்கும் இரு அந்நியரின் விசித்திரக் கதை மட்டுமே.

போலான்ஸ்கி, கொமெடா கூட்டணி தண்ணீரில் கத்தி (1962), ரோஸ்மேரியின் குழந்தை (1968) ஆகிய முழுநீளப் படங்களிலும் தொடர்ந்தது. கொமெடா 1969-இல் மறைந்தார்.