பனி ஒன்று, பொருள் இரண்டு

துருவப் பனியைத் துணைக்கோள்கள் ஆராய்வதைத் தமிழில் எழுதுவோர் சிலர், கடலில் மிதப்பதையும் நிலத்தில் கிடப்பதையும் ஒருங்கே ‘பனிப்பாறை’ என்கின்றனர். இது சொற்குறை மட்டுமன்று, பொருட்பிழையுமாம். மிதக்கும் பனி உருகுவதாற் கடல்மட்டம் உயர்வது மிகச் சிறிதே. அண்டார்டிக்கா, கிரீன்லாந்து நிலங்களின் மேலுள்ள பனி கடலைச் சேர்ந்தாலோ, நீர்மட்டம் ஏறும். 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைக்கோள்கள், ஈர்ப்பின் மாறுதலைக்கொண்டு அந்நிலப்பனி எடை குறைவதை அளந்தன. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், பனி நகரும் விரைவை ரேடார் அலைகளால் அளக்க வல்லது. கூலிம் தோட்டத்துப் பிள்ளை பனியென அறிவது விடியற்காலை ஈரத்தையே. அப்பிள்ளைக்குக் ‘கடற்பனி’, ‘நிலப்பனி’ எனப் பிரித்துரைத்தல் ஆசிரியர் கடன். கருவி பிரித்தறிந்ததை நம் சொல் கலந்துவிடலாகாது.