படுத்திருப்பவரிடம் ஒரு கேள்வி

மணலி என்றால் இன்று பலருக்கும் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். பாட்டுக் கேட்பவர்களுக்கு இன்னொரு மணலி உண்டு. அது கவர்னர் பிகட் காலத்து துபாஷ் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் மணலி. பழைய சென்னகேசவர் கோயிலைக் கம்பெனி இடித்த பிறகு, பூக்கடைப் பக்கம் இரட்டைக் கோயில்கள் எழ முன்னின்றவர் அவர். சீர்காழி அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனையை ஆதரித்துச் சிறப்புச் செய்தவரும் அவரே. வெள்ளைக்காரர் சொன்னதை ஊராருக்கும் ஊரார் சொன்னதை வெள்ளைக்காரருக்கும் எடுத்துச் சொல்லிச் செல்வம் சேர்த்த மனிதர். நன்றாகச் சொல்லப்பட்ட கதையின் விலை அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த இராம நாடகத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு பாட்டை மட்டும் பார்ப்போம். திருவரங்கத்தில் அரங்கேற்றத்துக்குப் போன கவிராயர், பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து ‘ஏன் படுத்திருக்கிறீர்’ என்று கேட்டுப் பாடியதாக வழக்கு. இப்போது மோகனத்தில் பாடுகிறார்கள்.

கேள்வியின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய கதை இராமாயணம். ஆதியோடந்தமாக மறுபடி சொன்னால் சபை கொட்டாவி விடும். கவிராயர் கதை சொல்வதாகவே காட்டிக்கொள்ளவில்லை. படுத்திருக்கும் ஓர் உடம்பைப் பார்க்கிறார். என்ன களைப்போ என்று ஊகிக்கிறார். ஒவ்வோர் ஊகமும் ஒரு காண்டத்தின் துண்டு. முனிவர் சொல் கேட்டுப் போனது, அரக்கி மேல் அம்பு விட்டது, சிவன் வில்லை ஒடித்தது, பரசுராமன் வலிமையைப் பறித்தது என்று வரிசையாக வருகின்றன. இவை இளங்காளையின் வேலைகள். ஆகவே இங்கே களைப்பு என்ற பேச்சே இல்லை, செயல்கள் மட்டும்தான்.

மிதிலைப் பெண்ணோடு வழி நடக்கத் தொடங்கியதும் இளைப்பு நுழைகிறது. நடந்த இளைப்பு, குகனின் ஓடத்தில் கங்கையைக் கடந்த இளைப்பு, மாரீசன் பின்னால் ஓடிய இளைப்பு. இவற்றுக்கு நடுவே சித்திரகூடச் சிகரத்தில் கிடந்த இளைப்பும் வருகிறது! படுத்ததாலா களைப்பு? பாறையில் படுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். இந்த ஓர் ஊகத்துக்காகவே கவிராயருக்குப் பரிசு கொடுக்கலாம் என்பேன்.

இலங்கையை இடித்து இராவணனை அடித்த இடம் வரும்போது அவர் கேட்பது இளைப்பை அல்ல, வருத்தத்தை. வெற்றியின் உச்சியில் நிறுத்தி, ‘அதற்காக மனம் நொந்தீரோ’ என்று கேட்பது போலவும் இருக்கிறது. வெறும் உடல்வலியைக் கேட்பது போலவும் இருக்கிறது. கவிராயர் விளக்கவில்லை. நல்லதாயிற்று.

விட்டவையும் அழகு. கைகேயி இல்லை, வரம் கேட்டதில் இராமனின் எந்தத் தசையும் நோகவில்லையே. மேடையில் நாம் கேட்கும் சரணங்களில் வாலியும் இல்லை. மரங்கள் ஏழைத் துளைத்த அம்பு வருகிறது, மறைந்து நின்று எய்த அம்பு வரவில்லை. படுக்கையருகே நின்று கேட்கக்கூடாத கேள்வி என்று நினைத்தாரோ? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டதால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பமே அவருக்கு இல்லை. நம் ஆண்டுவிழாப் பேச்சாளர்கள் தலைவரின் வாழ்க்கையைப் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, மைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கும் வரை சொல்வதை நினைத்துக்கொள்கிறேன்.

பாடும்போது இன்னொன்று நடக்கிறது. பல்லவி திரும்பித் திரும்பி வருகிறது. முதலில் அது பக்தனின் குறும்பான விசாரிப்பு. காடும் கங்கையும் கடந்தபின் அதே சொற்களில் கரிசனம் ஏறிவிடுகிறது. இலங்கை இடிந்த பின் பாடகர் அதே பல்லவியைப் பிடிக்கும்போது, கேட்பவருக்குப் பதில் வேண்டியிருப்பதில்லை.