சுருட்டின் நெருப்பும் நிஜப் பாம்பும்

ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் வளைந்த புகைக்குழாய் கண்முன் வருகிறது. கோனன் டாயிலின் கதைகளில் குழாய் உண்டு, வளைவு இல்லை. அந்த உருவத்தை மேடையிலிருந்து பரப்பியவர் அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட். டாயில் எழுதிய நாடகப் பிரதியை ஏறக்குறைய புதிதாகவே எழுதி, 1899இல் நியூயார்க்கின் காரிக் அரங்கில் ஹோம்ஸாகவும் அவரே நடித்தார். ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று அவர் தந்தியில் கேட்க, கல்யாணமோ கொலையோ, உங்கள் இஷ்டம் என்ற பொருளில் டாயில் பதில் அனுப்பினார்.

மூலத்தைப் போற்றுவோருக்கு இது அத்துமீறல். ஆனால் ஜில்லெட்டின் சிக்கலையும் பார்க்க வேண்டும். கதைகளில் பெரும்பாலும் வாட்சன்தான் நமக்குக் கதை சொல்கிறார்; அவருக்குப் புரியாதவரை நமக்கும் மர்மம். மேடையில் அந்தக் குரல் இல்லை. அதனால் ஜில்லெட், வில்லன்களை வெளிப்படையாகவே நிறுத்தி, 'யார் செய்தது?' என்பதற்குப் பதில் 'எப்படித் தப்புவார்?' என்று கேட்கவைத்தார். விஷவாயு அறைக் காட்சியில் ஹோம்ஸ் விளக்கை உடைக்கிறார். இருட்டில் சுருட்டின் நெருப்பு மட்டும் தெரிகிறது. எதிரிகள் அதை நோக்கிப் பாய்கிறார்கள். ஜன்னலோரம் சுருட்டை வைத்துவிட்டு அவர் கதவு வழியே போய்விடுகிறார். கதைகளில் பக்கக்கணக்கில் விரியும் புத்திக்கூர்மை இங்கே ஒரு தீப்பொறியில் அடங்கிவிடுகிறது.

1910இல் டாயிலே தன் 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையை நாடகமாக்கி லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஏற்றினார். நாடகம் நன்றாகவே ஓடியது. அதில் நடித்தது நிஜ மலைப்பாம்பு. ஆனால் ஒரு விமர்சகர் அதை அப்பட்டமான பொம்மைப் பாம்பு என்று எழுதிவிட்டார்! டாயில் தன் நினைவுக்குறிப்புகளில் இதை ஆதங்கத்தோடு பதிவு செய்திருக்கிறார். மேடையில் நிஜம் வேறு, நம்பகம் வேறு.

அதற்காக ஜில்லெட் செய்ததெல்லாம் சரி என்றாகிவிடாது. முடிவில் ஹோம்ஸ் ஆலிஸ் ஃபாக்னரின் காதலில் கரைகிறார். வாட்சனின் குரலை விட்டது மேடையின் கட்டாயம்; காதலைச் சேர்த்தது ரசிகரைத் திருப்திப்படுத்த. முன்னது ஹோம்ஸுக்கு உடலும் ஆபத்தும் தந்தது. பின்னது அவருடைய தனிமையைப் பறித்தது.

புத்தகத்துக்கு முன்பே ஹோம்ஸைத் திரையில் சந்தித்த நம் பிள்ளைகளிடம் "மூலத்தில் இப்படி இல்லை" என்கிறோம். அது விவாதத்தின் தொடக்கம் மட்டுமே. இந்த மாற்றம் எதற்காக, அதனால் ஹோம்ஸ் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று கேட்டால், அவர்களும் நம்மோடு பேச உட்காருவார்கள்.