வீச்சுத் தளம்: மரபுகள் பல, அளவுகோல் ஒன்று

கோல்ஃப் மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தொடுகைக்கு மட்டையை எப்படி ஏற்றி, எப்படி இறக்கிக் கொண்டுசேர்ப்பது என்று ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக வாதிட்டு வருகிறார்கள்.

பந்து தரையில் கிடக்கிறது. ஆடுபவர் அதற்குப் பக்கவாட்டில் நிற்கிறார். அதனால் மட்டை ஊஞ்சலைப் போல நேர்குத்தாக ஆடவும் முடியாது, குடை ராட்டினத்தைப் போலக் கிடையாகச் சுற்றவும் முடியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் சுழல வேண்டும். அந்தச் சாய்வே வீச்சுத் தளம். சுமார் 45 அங்குல டிரைவரைப் பிடித்தவர் பந்தைவிட்டுத் தள்ளி நிற்பதால் தளம் படுக்கும். சுமார் 35 அங்குல வெட்ஜைப் பிடித்தால் நிமிரும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உடலைச் சுற்றித் தாழ்வாக வீசுவதே பழைய வழக்கம். ஓப்பன் போட்டியை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் அதைவிட நிமிர்ந்த வீச்சால் புகழ்பெற்றார். அக்கால மட்டைகளின் ஹிக்கரி மரத் தண்டு அடியின் வேகத்தில் முறுக்கிக்கொள்ளும். எஃகுத் தண்டை 1929இல் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு ஏற்ற பிறகு, உடல் முழுவதையும் திருப்பி அடிக்கும் நவீன வீச்சுக்கு வழி திறந்தது.

நவீன மரபின் மூலநூல், பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட ‘ஃபைவ் லெஸன்ஸ்’. பந்திலிருந்து தோள்கள்வரை சாய்த்துவைத்த கண்ணாடிப் பலகையையும், அதன் துளை வழியே தலையை நீட்டி நிற்கும் ஆட்டக்காரரையும் ஆண்டனி ராவியெல்லியின் ஓவியம் காட்டியது. மட்டையை ஏற்றும்போது கைகள் அந்தக் கண்ணாடிக்கு மேலே போகக் கூடாது என்றார் ஹோகன். இறங்கும் தளம் சற்றே தாழ்ந்து இலக்கின் வலப்பக்கம் நோக்கும் என்றும் சொன்னார். படம் மனத்தில் நின்ற அளவுக்கு இந்த இரண்டாம் தளம் நிற்கவில்லை.

ஹோமர் கெல்லி 1969இல் ‘தி கோல்ஃபிங் மெஷின்’ நூலில் வீச்சை 24 உறுப்புகளாகப் பிரித்தார். முழங்கைத் தளம், தோள் தளம் என்று தளங்களையும் அவற்றுக்கிடையிலான மாற்றங்களையும் வகைப்படுத்தினார். ஜிம் ஹார்டி 2005இல் ஆட்டக்காரர்களை இரு குலங்களாகப் பார்த்தார்: தோள்கள் திரும்பும் தளத்திலேயே கைகளும் சுழல்வது ஒரு குலம், கைகள் அதைவிட நிமிர்ந்து உயர்வது மற்றொன்று. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்பது அவர் எச்சரிக்கை.

களமோ எந்த மரபுக்கும் முழுதாக அடங்கவில்லை. ஜிம் ஃப்யூரிக் மட்டையைச் செங்குத்தாகத் தூக்கி, வளையமிட்டு இறக்குபவர். அந்த வீச்சோடு 2003 யுஎஸ் ஓப்பனை வென்றார். 2016இல் 58 அடிகளில் ஒரு சுற்றை முடித்தார். பிஜிஏ டூரில் அதற்கு முன் எவரும் அவ்வளவு குறைவாக ஆடியதில்லை. கெல்லியின் நூலில் ஊறிய பிரைசன் டிசாம்போ, ஒரே நீள அயர்ன்களோடு ஒற்றைத் தள வீச்சை நாடி, 2020இலும் 2024இலும் யுஎஸ் ஓப்பனை வென்றார்.

இந்த இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிறதென்றால், அது மட்டை பந்தை வந்தடையும் விதத்தில்தான் இருக்கிறது. காக்ரன், ஸ்டாப்ஸ் இருவரின் 1968 ஆய்வு நூலும், இயற்பியலாளர் தியோடர் ஜார்கென்சனின் 1994 நூலும் இந்த அளவீட்டுக்கு அடித்தளமிட்டன. டென்மார்க்கின் டிராக்மேன் ராடார் அதைப் பயிற்சித் திடலுக்கே கொண்டுவந்தது. பந்து பெரும்பாலும் மட்டை முகம் பார்க்கும் திசையில் கிளம்புகிறது. முகத்தின் திசைக்கும் மட்டை செல்லும் பாதைக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. பாதையே கிளம்பும் திசை என்ற பழைய பாடம் இதனால் விழுந்தது.

இங்கேதான் தளத்தின் கணக்கு கைகொடுக்கிறது. வலக்கை ஆட்டக்காரரின் தளம் 60 பாகை சாய்வில் இலக்கையே நோக்கியிருக்கட்டும். மட்டை 4 பாகை கீழ்நோக்கி இறங்கும்போதே பந்தைத் தொட்டால், அந்தக் கணத்தில் அதன் பாதை 2 பாகைக்குச் சற்று மேலாக வலப்பக்கம் விலகியிருக்கும். 45 பாகைத் தளத்தில் இறக்கமும் விலகலும் சமம். ஆகவே, இறங்கும்போதே பந்தைத் தொடும் அயர்னால் நேராக அடிக்க விரும்புபவர் தளத்தின் அடிப்பகுதியைச் சற்று இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

மட்டைத் தலை கீழ்நோக்கிய வீச்சின் நடுப்பகுதியிலிருந்து பந்தைக் கடந்து செல்லும்வரை ஏறக்குறைய ஒரே தளத்தில் பயணிப்பதை யங்-ஹூ குவான் குழுவின் 2012 ஆய்வு காட்டியது. மரபுகளின் பிணக்கு பெரிதும் அதற்கு முந்தைய பகுதி பற்றியது. எனவே மாணவர் மட்டையை ஏற்றும் பேக்ஸ்விங்கை ஒரு சாம்பியனின் புகைப்படத்தோடு ஒட்டிப்பார்த்துத் திருத்துவது தலைகீழான வேலை. முகத்தின் கோணம், பாதை, இறக்கம், பந்து படும் இடம் ஆகிய நான்கையும் முதலில் அளக்க வேண்டும். அவை நன்றாக இருந்தால் மேலே உள்ள வளையத்தை விட்டுவிட வேண்டும். கெட்டிருந்தால், அந்த உடலுக்கு ஏற்ற மரபைத் தேர்ந்து அதன் மருந்தை மட்டும் கொடுக்க வேண்டும்.